மலைக்கு மரமும் பள்ளத்துக்கு நீரும்



கேமரன் மலை என்றதும் உங்களுக்கு எவை நினைவுக்கு வருகின்றன? குளிர் காற்று, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள், சாலையோரக் காய்கறிக் கடைகள். விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் தங்கித் திரும்புகிறவர்களின் கண்ணில் படுபவை இவைதாம். இங்கேயே வாழும் எங்களுக்கோ வேறொன்றும் தெரிகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் ஓடைத் தண்ணீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஓடுகிறது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது, அதை மாற்ற முடியுமா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாங்கள் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்கள். தாவரவியல் அறிஞர்கள் அல்லோம். ஆகவே இங்கே சொல்லப்போவதில் ஒரு பகுதி படித்தறிந்தது. மறு பகுதி எங்கள் பள்ளியின் பின்புறத்தில் தவறு செய்து கற்றுக்கொண்டது.

முதலில் சிறிது வரலாறு. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரையே மலையும் பெற்றது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு, இதை மலைவாசத் தலமாக ஆக்கும் திட்டம் உருவாயிற்று. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதற்கும் பிறகும் இங்கே காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, சரிவில் தேயிலை நட்டவர்கள் யார்? நேயர்களே, பெரும்பாலும் நம்மவர்கள்தாம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன்மார்தாம். அவர்கள் தாமாக வெட்டவில்லை. வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். கூலிக்கும் சோற்றுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் கோடரி பிடித்த கை நம் குடும்பத்துக் கைதான் என்பதை மறந்துவிட்டு இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது முறையன்று.

அவர்கள் வெட்டுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது? அதை இன்னும் கொஞ்சம் பார்க்க முடிகிறது. பிரிஞ்சாங் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். அங்கே போனால் பாசிக் காட்டைக் காணலாம். மரங்கள் குட்டையாக, முறுக்கிக் கொண்டு நிற்கும். கிளைகளிலும் வேர்களிலும் தரையிலும் பாசி, கடற்பஞ்சைப் போல் மெத்தென்று படர்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்று அழைக்கும் குடுவைச் செடிகள் தொங்கும். மேகம் அந்தக் காட்டுக்குள் புகுந்து செல்லும்போது, இலையும் பாசியும் சீப்பைப் போல மேகத்தை வாரி, நீர்த்துளிகளைப் பிடித்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் அங்கே தரை ஈரமாக இருப்பது இதனால்தான். அந்த நீர் மெல்லக் கசிந்து, கீழே உள்ள சேற்றுப் பள்ளங்களில் தங்கி, வடிகட்டப்பட்டு, பிறகே ஓடையாகிறது. மேலே பஞ்சு, நடுவே வடிகட்டி, கீழே குழாய். இயற்கை அமைத்த தண்ணீர்த் தொட்டி என்று இதைச் சொல்லலாம்.

இந்த அமைப்பில் எந்தப் பகுதியை எடுத்தாலும் தொட்டி கெட்டுவிடும். மேலே காட்டை வழித்துவிட்டால், மழைநீர் ஊறாமல் மண்ணோடு உருண்டு வரும். நடுவே பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால், வடிகட்ட இடமில்லாமல் போகும். காட்டிலிருந்து வரும் மண்ணின் அளவு மிகக் குறைவு. தேயிலைச் சரிவிலிருந்து அதைவிட அதிகம். காய்கறித் தோட்டங்களிலிருந்து எல்லாவற்றையும்விட அதிகம். தேயிலையாவது ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டுகள் மண்ணை மூடிக்கொண்டு நிற்கும். காய்கறிப் பாத்தியையோ ஆண்டுக்குப் பலமுறை கிளறவேண்டியிருக்கிறது.

அந்த மண் எங்கே போகிறது? 1963இல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கம் உருவாயிற்று. தெலோம், பெர்தாம் ஆறுகளின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பதற்காக அமைந்த திட்டம் அது. இன்று அந்த நீர்த்தேக்கத்தில் பாதிக்குமேல் வண்டல் நிறைந்துவிட்டது. அள்ள அள்ள மேலிருந்து மண் வந்து சேர்கிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், கனமழையால் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து வீடுகளை மூடியது; உயிர்களையும் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு நவம்பரிலும் அதே துயரம் திரும்பி வந்தது. அதற்குமுன் 2011 ஆகஸ்டு 7ஆம் நாள், சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். ஓடையின் நிறத்தைப் பற்றிப் பேசுவது அழகுணர்ச்சிக்காக அன்று என்பதை இப்போது உணர்வீர்கள்.

இனி எங்கள் பள்ளியின் கதைக்கு வருவோம்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சரிவும், சரிவின் அடியில் ஒரு பள்ளமும் உண்டு. பள்ளத்தின் வாயில்தான் எங்கள் தண்ணீர்த் தொட்டி. அந்தப் பள்ளம் முன்பு எப்போதும் சேறாக இருந்ததாகவும், மாலையானால் தவளைச் சத்தத்தில் லயத்து வீடுகளில் பேச்சுக் கேட்காது என்றும் வயதானவர்கள் சொல்வார்கள். பிறகு யாரோ வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். சரிவையும் வழித்துக் காய்கறி போட்டார்கள். சில ஆண்டுகளில் மண் சத்திழந்தது, அவர்கள் போய்விட்டார்கள். கிழிந்த நெகிழிக் கூரையும் மொட்டைச் சரிவும் மிஞ்சின. மழை வந்தால் தொட்டியில் மணல். பிள்ளைகள் வீட்டிலிருந்து புட்டியில் தண்ணீர் கொண்டுவருவார்கள்.

அந்தச் சரிவில் மரம் நட முடிவு செய்தோம். நிலத்துக்கு உரியவர்களிடம் அனுமதி பெற்றோம். கீழ்நாட்டு நாற்றங்கால் ஒன்றிலிருந்து, பூத்தால் அழகாக இருக்கும் கன்றுகளாகப் பார்த்து வாங்கிவந்தோம். விருந்தினர் வந்தார்; படம் எடுத்தோம்; ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மாணவன் பெயர் எழுதிக் கட்டினோம். அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டி நாளில் போய்ப் பார்த்தபோது பெயர்ப் பலகைகள்தாம் நின்றன. கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயிருந்தன. தன் பெயர் எழுதிய குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "சார், என் மரம் செத்துப் போச்சு" என்று ஒரு சிறுமி சொன்னாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகுதான் கேட்கத் தொடங்கினோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுவே.

தேயிலை பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி சரிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிய நிக்கவிடாம ஓட வெச்சிட்டு மேல மரம் நட்டா, அது எதக் குடிச்சு வளரும் வாத்தியாரே? மொதல்ல அந்தக் காணை அடைங்க." பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த செமாய் இனப் பெரியவர் ஒருவர், எங்கள் கன்றுகளைப் பார்த்துச் சிரிக்காமல், பொறுமையாக மலாயில் விளக்கினார். காடு பெரிய மரத்தில் தொடங்குவதில்லையாம். முதலில் வெயிலைத் தாங்கும் மரங்கள் வரவேண்டும். அவற்றின் நிழலில்தான் மற்றவை வரும். அந்த இரண்டு வாக்கியங்களும் எங்களுக்குப் பாடப்புத்தகமாயின.

ஆனால் காணை அடைப்பது சொல்வதுபோல் எளிதாக இல்லை. பள்ளத்தின் ஒரு பாதியில் எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை வெங்காயத்தாளும் கீரையும் போட்டிருந்தார். வாய்க்காலை அடைத்தால் அவர் பாத்திகள் முழுகும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து, "சார், காட்டுக்குக் கொடுங்கன்னு சுலபமாச் சொல்றீங்க. என் மவன் இடைநிலைப் பள்ளிக்குப் போனா, பஸ் காசு இந்தப் பாத்தியிலேர்ந்துதான் வரணும். தவளைக்கு எடம் வேணும், சரி. எனக்கு எடம் எங்க?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. நாங்களும் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டதில் தவறு ஏதும் இல்லை.

நேயர்களே, காட்டை மீட்பதைப் பற்றிப் பேசுகிற பலரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிப் போனால் வேலை நிற்காது. ஏழையின் பாத்தியை முழுக அடித்து வளர்த்த காட்டை, அந்த ஏழையே ஒருநாள் வெட்டுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பல மாதங்கள் பேசினோம். முடிவில் பள்ளத்தின் மேல்பாதியை மட்டும் நீருக்கு விடுவது, கீழ்பாதி பாத்தியாகவே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டோம். மேல்பாதியில் இருந்த பாத்திகளை இரண்டு அறுவடைக்குப் பிறகு பள்ளி வேலியோரத்துப் படிக்கட்டு நிலத்துக்கு மாற்ற உதவினோம். வாய்க்காலை அடைக்கும் வேலையை எடுத்துச் செய்தவர் யார் தெரியுமா? அதே தந்தைதான். எந்த இடத்தில் தண்ணீர் சுரக்கிறது, எங்கே கரையை அரிக்கும் என்பது அவர் ஒருவருக்கே முழுமையாகத் தெரியும். கட்டைகளைக் குறுக்கே அடித்து, சாக்கில் மண் நிரப்பி, நீர் ஒரே அடியாகத் தேங்காமலும் ஒரே அடியாக ஓடாமலும் படிப்படியாக மூன்று தடுப்புகள் வைத்தார்.

இந்த முறை புதியதன்று என்பதைப் பின்னால் அறிந்தோம். சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் சுமார் 80,000 ஹெக்டர் பரப்பில் கரிச் சேற்றுக் காடு இருக்கிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் கொடுக்கும் காடு அது. அதன் ஒரு பகுதியான ராஜா மூசா காடு, 1990இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டும், வாய்க்கால் வெட்டியும் தீயிட்டும் அழிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் மாநில வனத்துறையும் குளோபல் என்விரான்மெண்ட் சென்டர் என்னும் அமைப்பும், சுற்றுவட்டார மக்களும் சேர்ந்து அதை மீட்டு வருகிறார்கள். அங்கும் முதல் வேலை மரம் நடுவதன்று. வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவதுதான். வடிந்த கரிமண் காய்ந்து தீப்பிடிக்கும். அதில் நட்டால் மரமும் சேர்ந்து எரியும். நீர் திரும்பிய பிறகே மாஹாங் போன்ற மரங்களை நட்டார்கள். ஈரநிலத்துக்கு நீர்தான் முதல் விதை.

சரிவுக்கு வருவோம். மொட்டைச் சரிவில் முதலில் வருவது மலாயில் 'ரெசாம்' எனப்படும் பெரணி. அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஆளுயரத்துக்குப் புதர்மண்டி, அடியில் ஒரு விதையையும் முளைக்கவிடாது. ஆகவே அதை முழுவதும் வழிக்காமல், ஆங்காங்கே குழி அளவுக்கு வெட்டித் திறந்தோம். முழுவதும் வழித்தால் மண் மறுபடியும் ஓடிவிடும். திறந்த இடங்களில், வெயில் தாங்கி விரைவில் வளரும் மாஹாங் மரக் கன்றுகளை முதலில் வைத்தோம். மரப்பெரணிகள் தாமாகவே வந்தன. நிழல் விழுந்த பிறகு, இந்த மலைக்கே உரிய மரங்களை நட்டோம். 'பெராங்ஙான்', 'மெம்பெனிங்' ஆகியவை ஓக் மரத்தின் உறவுகள். 'மெடாங்' நம் இலவங்கப் பட்டை மரத்தின் குடும்பம். 'கெலாட்' நாவல் மரத்தின் இனம். நாவல் இனம் என்றதும் எங்கள் பாட்டிமார் முகம் மலர்ந்தது. ஊர் மரத்தின் தங்கையை இங்கே கண்டதுபோல்.

இந்த மரங்களின் கன்றுகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. விதையையும் நெல்லைப்போல் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது. ஓக் இனத்துக் கொட்டைகள் காய்ந்தால் உயிர் போய்விடும். பொறுக்கிய சில நாள்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். ஊன்றுமுன் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். மிதப்பவை பெரும்பாலும் பூச்சி தின்றவை, மூழ்குபவை நல்லவை. இந்தச் சோதனை எங்கள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மிகவும் பிடித்த அறிவியல் பாடம். மற்றக் கன்றுகளுக்கு, பாதையோரத்தில் நெருக்கமாக முளைத்து எப்படியும் மடியப்போகிறவற்றை, உரியவர்களின் அனுமதியோடு எடுத்து, நிழற்கூடத்தில் சில மாதம் வைத்துத் தேற்றுகிறோம். காப்புக்காட்டிலிருந்து ஒரு பாசியைக்கூட எடுக்கக்கூடாது என்பது பிள்ளைகளுக்குக் கண்டிப்பான விதி.

கேமரன் மலையில் 2001இல் தொடங்கப்பட்ட 'ரீச்' என்னும் தொண்டர் அமைப்பும், பூர்வகுடி மக்களோடு சேர்ந்து காட்டுக் கன்றுகளை வளர்த்து, அழிந்த இடங்களில் நட்டு வருவதோடு, ஆற்று நீரின் தரத்தையும் சோதித்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆனைமலைத் தொடரின் வால்பாறையில், நம்மைப் போலவே தேயிலைத் தோட்டங்களின் நடுவில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் மழைக்காடுகளை, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் முதலியோர் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு மீட்டு வருகிறார்கள். களைகளை நீக்கி, அந்தந்த மண்ணுக்குரிய பலவகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள். நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, அப்படியே விடப்பட்ட இடங்களோடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நட்டுப் பேணிய இடங்களில் மரவகைகளும் நிழலும் அதிகமாக இருந்தன. ஆனால் பழைய காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. சிங்கவால் குரங்குக்கும் இருவாசிப் பறவைக்கும் இடம் கொடுக்கும் வேலை அது. தேயிலைத் தோட்டமும் காடும் பகையாளிகளாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஓடைக்கரையையும் செங்குத்தான சரிவையும் காட்டுக்கு விட்டுக்கொடுத்தால் தோட்டத்தின் தண்ணீரும் பிழைக்கும்.

நீலகிரியின் அனுபவத்தையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல், புல்வெளியிலும் சேற்று நிலத்திலும் தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். மரம் நட்டதாலேயே பல சேற்று நிலங்கள் வறண்டன. அங்கே இன்று அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். எல்லா இடத்திலும் மரம் நடுவது நன்மையன்று. எது எங்கே இருந்ததோ அதை அங்கே வைப்பதே நன்மை.

நேயர்களே, எங்கள் பள்ளத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேல்பாதியில் நீர் நின்றது. நாங்கள் நடாத கோரைப்புல் முதலில் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை தவளைச் சத்தம் கேட்டது. லயத்திலிருந்து அந்தப் பாட்டி வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சிறு மழைகளுக்குத் தொட்டியில் இப்போது மணல் வருவதில்லை. பெருமழைக்கு இன்னும் கலங்கத்தான் செய்கிறது. எதிர்ச் சரிவு எங்கள் கையில் இல்லை. வெற்றி என்று முரசு கொட்ட மாட்டோம். பாதிப் பள்ளமும் ஒரு சிறு சரிவும் மீண்டிருக்கின்றன. அவ்வளவுதான்.

உங்கள் பள்ளியிலோ கம்பத்திலோ இப்படி ஓர் இடம் இருந்தால், எங்கள் தவறுகளை நீங்கள் திரும்பச் செய்யவேண்டாம் என்பதற்காகச் சில சொற்கள். நடுமுன் அந்த இடத்தின் முதியவர்களைக் கேளுங்கள். நிலத்தின் உரிமையை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த நிலத்தால் பிழைப்பவர் யாரென்று பார்த்து, அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். நீரின் வழியை முதலில் சரிசெய்யுங்கள். அந்த மண்ணின் மரங்களையே, பலவகையாகக் கலந்து நடுங்கள். நட்டபின் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுங்கள். நடும் நாளைவிட அந்த ஆண்டுகளே முக்கியம். விருந்தினரை அழைப்பதானால், மூன்றாம் ஆண்டில் அழையுங்கள்.

நம் நாட்டில் 2021இல் பத்துக் கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டுகளை இயற்கையை மீட்கும் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் எத்தனை நட்டோம் என்பதைவிட, எத்தனை நிற்கின்றன என்று எண்ணும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். எங்கள் பள்ளியில் இப்போது மரத்துக்குப் பெயர்ப்பலகை கட்டுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்கள் சரிவில் ஏறி, உயிரோடு இருப்பவற்றை எண்ணி, குறிப்பேட்டில் எழுதி, கீழ்வகுப்புக்கு ஒப்படைக்கிறார்கள். செத்த மரத்தையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பது விதி.

பெயர்க்குச்சியைப் பிடுங்கி வந்த அந்தச் சிறுமி, பள்ளியை விட்டுப் போகுமுன் ஒரு பெராங்ஙான் கொட்டையை ஊன்றிவிட்டுப் போனாள். அது இப்போது அவள் இடுப்பளவு இருக்கும். முழு மரமாகும்போது அவள் பாட்டியாகியிருப்பாள். அவளுடைய பூட்டனார் இந்தச் சரிவில் வெட்டிய மரங்களுள் ஒன்று மட்டும் அப்போது திரும்பி வந்திருக்கும். ஒன்று போதாதுதான். அதனால்தான் உங்களையும் அழைக்கிறோம்.